ஆளைக் குறைத்தால் போதாது, முகாமை மூடுங்கள்: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வடக்கில் காணி, மீள்குடியேற்றம், அரச கணக்கு ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் நாங்கள். பாதுகாப்பு அமைச்சும் நிதி அமைச்சும் உங்கள் ஒருவரிடமே இருக்கும் இந்தக் காலத்தில்தான் நாங்கள் கேட்பது நடக்க முடியும் என்பதால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறோம்.

2030க்குள் இராணுவத்தை 100,000 பேருக்கும், கடற்படையை 40,000 பேருக்கும், விமானப்படையை 18,000 பேருக்கும் கொண்டுவருவதாகப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருக்கிறது. இது முதல் அறிவிப்பும் இல்லை. 2023 ஜனவரியில், 200,783 என்றிருந்த இராணுவ ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதாக முந்தைய அரசாங்கம் சொன்னது. அதே இலக்கை உங்கள் அரசாங்கமும் கைவிடாமல் வைத்திருப்பதை மனதார வரவேற்கிறோம். ஆனால் குறைப்பு நடக்கும் வழி எங்களுக்குக் கவலை தருகிறது. ஆள் குறைகிறது. முகாம்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. செலவும் இறங்கவில்லை.

பாதுகாப்பு அமைச்சுக்கு 2023இல் ஒதுக்கியது சுமார் 410 பில்லியன் ரூபாய். 2024இல் அது சுமார் 423 பில்லியன், 2025இல் சுமார் 442 பில்லியன். விலைவாசியும் அரச ஊழியர் சம்பளமும் ஏறியதை நாங்கள் மறக்கவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2021இல் 2.31 வீதமாக இருந்த பாதுகாப்புச் செலவு 2022இல் 2.03 வீதமாக இறங்கியதும் தெரியும். அந்த ஆண்டின் பணவீக்கம் உற்பத்தியின் ரூபாய் மதிப்பை ஊதிப் பெருக்கியதால், அந்த வீத இறக்கத்தை மட்டும் வைத்துச் சேமிப்பு என்று கணக்கெழுத முடியாது. செலவில் பெரும்பகுதி சம்பளம், உணவு, சீருடை, எரிபொருள் என்று மாதாமாதம் போகிறது. இதில் கை வைக்க வேண்டுமானால் முகாமில்தான் வைக்க வேண்டும்.

காரணம் எளிய கூட்டல் கழித்தலில் இருக்கிறது. ஒரு காவலரணில் எந்நேரமும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் நின்று நான்கு மணி நேரம் ஓய்வு என்ற முறையில் ஒரு காவலரணுக்கு 6 பேர் வேண்டும். லீவு, பயிற்சி, வைத்தியசாலை என்று மூன்றில் ஒரு பங்கினர் எப்போதும் வெளியே இருப்பார்கள். ஆகவே பட்டியலில் 9 பேர் இருந்தால்தான் அந்தக் காவலரண் ஓடும். நான்கு மூலையும் ஒரு வாசலும் கொண்ட சின்ன முகாமுக்கு 45 பேர். சமையல், சாரதி, ஜெனரேட்டர், தண்ணீர் பவுசர், களஞ்சியம், அலுவலகம் என்று இன்னும் 15. ஆக 60 பேர் அந்த முகாமைக் காப்பதற்காகவே அந்த முகாமில் இருக்கிறார்கள்.

இப்படிப் பத்து முகாம்கள், ஒவ்வொன்றிலும் 90 பேர். மொத்தம் 900. அதில் 600 பேர் முகாமோடு கட்டுண்டவர்கள். வெளி வேலைக்கு எடுக்கக்கூடியவர்கள் 300 பேர். இப்போது நடப்பதுபோல எல்லா முகாமிலும் சமமாக ஆள் குறைந்து 600க்கு வந்தால், வெளி வேலைக்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார். சிப்பாய் நாள் முழுக்கக் காவலரணில் நின்றுவிட்டு, லீவும் மறுக்கப்பட்டு, ஒரு நாள் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விடுவார். அதே 900 பேரில் நான்கு முகாம்களை முழுதாக மூடி, 600 பேரை ஆறு முகாம்களில் வையுங்கள். காவலுக்கு 360 போக, 240 பேர் வேலைக்குக் கிடைப்பார்கள். நான்கு முகாம்களின் காணியும் விடுபடும். இரண்டிலும் சம்பளப் பட்டியல் ஒன்றே. படைக்கும் மக்களுக்கும் சேர்த்து நன்மை செய்வது இரண்டாவது வழிதான்.

சொல்லாமல் வீட்டுக்குப் போவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை கொடுத்த பொதுமன்னிப்புக் காலத்தில், அனுமதியின்றி விலகியிருந்த 15,000க்கும் மேற்பட்டோர் சட்டப்படி விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பும் இப்படியான மன்னிப்புகள் வந்தன. ஆட்குறைப்புக் கணக்கில் இது மலிவான வழி: ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. ஆனால் யார் விலகுகிறார் என்பதை இந்த வழியில் அமைச்சு தீர்மானிப்பதில்லை. வெளியில் வேலை கிடைக்கக்கூடிய மெக்கானிக்கும், மின்னியலாளரும், கனரக வாகனச் சாரதியும் முதலில் போவார்கள். அதே வழியில், ஆயுதப் பயிற்சி தவிர வேறு எதுவும் கையில் இல்லாத இளைஞனும் எந்தப் பதிவும் இல்லாமல் ஊருக்குள் போய்விடுகிறான். தப்பியோடிய படையினர் பாதாள உலகக் குழுக்களின் கையில் விழுகிறார்கள் என்று சொல்லி 2025இல் அரசாங்கமே அவர்களைத் தேடிக் கைதுசெய்ய வேண்டி வந்தது. முதலில் கதவைத் திறந்து விட்டுவிட்டுப் பிறகு துரத்துவதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அநுராதபுரம், குருநாகல், மொனராகலை போன்ற மாவட்டங்களின் ஏழை விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்கு அக்கறை இருக்கிறது.

அடுத்தது ஓய்வூதியம். அதிகாரியல்லாத படையினர் 22 வருடச் சேவையில் ஓய்வூதியம் பெறுகிறார்கள். 18 வயதில் சேர்ந்தவர் 40 வயதில் ஓய்வு பெற்று, அதன்பிறகு 30 வருடங்களுக்கு மேல் ஓய்வூதியம் எடுப்பார். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளான 2006க்கும் 2009க்கும் இடையில் ஆட்சேர்ப்பு உச்சத்தில் இருந்தது. அப்போது சேர்ந்தவர்கள் 2028க்கும் 2031க்கும் இடையில் அந்த 22 வருடத்தைத் தொடுவார்கள். உங்கள் 2030 இலக்கும் அந்த அலையும் ஒரே நேரத்தில் வருகின்றன. இந்த ஓய்வூதியத்தைப் பாதுகாப்பு அமைச்சு கொடுப்பதில்லை. ஓய்வூதியத் திணைக்களத்தின் வரவு செலவுத் தலைப்பிலிருந்து போகிறது. ஆகவே 2030இல் பாதுகாப்பு அமைச்சின் கணக்கு மெலிந்து தெரியும்; அதே பணத்தின் பெரும்பங்கு இன்னொரு பக்கத்தில் ஏறியிருக்கும். இந்தியா தன் 2025–26 பாதுகாப்பு ஒதுக்கீடான சுமார் 6.81 இலட்சம் கோடி ரூபாயில், ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.6 இலட்சம் கோடி என்று அதே தாளில் காட்டுகிறது. பார்ப்பவருக்கு முழுச் சுமையும் ஒரே இடத்தில் தெரிகிறது. அடுத்த ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தோடு படையினரின் ஓய்வூதியச் செலவை ஆண்டுவாரியாக 2040 வரை மதிப்பிட்டு, பாதுகாப்புத் தலைப்பின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, உண்மையில் கடமையில் இருப்பவர் எத்தனை என்ற இரண்டு எண்களையும் பிரித்துத் தாருங்கள். ஆளில்லாத பதவி வெற்றிடத்தை வெட்டுவதால் மட்டும் ஒரு ரூபாயும் மிஞ்சாது.

இனிக் காணி. இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது, அதிகம் விளக்கவும் வேண்டியிருக்கிறது.

2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானபோது, உயர் பாதுகாப்பு வலயங்கள் நின்ற சட்ட அடிப்படையும் போய்விட்டது. பிறகு 2013 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்குக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், அதாவது காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற முதற்படியில், அறிவித்தல் வந்தது. ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டாலும் இன்னும் ஆயிரக்கணக்கான ஏக்கர் முட்கம்பிக்கு உள்ளேதான். ஆகவே இன்று படையினர் இருக்கும் காணிகள் ஒரே வகையானவை இல்லை. எந்தச் சட்டமும் இல்லாமல் வைத்திருக்கும் தனியார் காணி உண்டு. 2ஆம் பிரிவு அறிவித்தலோடு நின்றுபோன காணி உண்டு. 38ஆம் பிரிவின்படி உடைமை எடுத்த காணி உண்டு. அரச காணி, கோயில் காணி, பாடசாலைக் காணியும் உண்டு. "விடுவிக்கிறோம்" என்று ஒரு சொல்லில் முடித்தால், இவற்றில் முதல் வகை மட்டும்தான் உண்மையில் உரிமையாளரிடம் வரும்.

உடைமை எடுத்த காணியைத் திருப்பிக் கொடுக்க அதே சட்டத்தின் 39அ பிரிவு நான்கு நிபந்தனைகள் வைக்கிறது. நட்டஈடு கொடுத்திருக்கக் கூடாது. எடுத்த பின் பொதுத் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. காணியில் மேம்பாடு எதுவும் செய்திருக்கக் கூடாது. உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். ஒரு படைமுகாம் கட்டிய கொங்கிறீட் மண்டபமும் உள்வீதியும் மேம்பாடு என்று எடுத்துக்கொள்ளப்பட்டால், வீட்டையும் வளவையும் இழந்தவருக்கு அந்தக் கட்டடமே தடையாகி நிற்கும். இதற்குச் சிறு திருத்தம் போதும்: பாதுகாப்புத் தேவைக்காகக் கட்டியவற்றை மேம்பாடாகக் கொள்வதில்லை, அவற்றை வைத்திருப்பதா இடிப்பதா என்பது உரிமையாளர் விருப்பம். பாராளுமன்றத்தில் உங்களுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு அதுகூடத் தேவையில்லை.

கையளிக்கும் நாளில் படைத்தரப்பு செய்யும் வேலை பெரும்பாலும் ஒரு வைபவமும் ஒரு பத்திரமும்தான். மக்கள் உள்ளே போனபின் பார்க்கும் காணியை அறியாதவர்கள் அதை வெறும் பற்றை என்று நினைப்பார்கள். எல்லைக்கல் இல்லை. வேலியும் பனையும் போய்விட்டன. மண் அணை எழுப்ப வளவின் மேல்மண்ணை வழித்து எடுத்திருப்பார்கள். கீழே சுண்ணக்கல் தெரியும். அந்த அணையைத் திருப்பிப் பரப்பாமல் போனால் தோட்டம் செய்ய முடியாது. கிணற்றுக்குள் இடித்த சுவர்க்கல், தகரம், முட்கம்பிச் சுருள், சில வேளை பழைய பற்றரி. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணக்கல் வெடிப்புகளால் ஆனது. ஒரு கிணற்றில் விழும் எண்ணெயும், கட்டாத மலக்குழியில் சேரும் கழிவும் அடுத்த வளவுக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். நான்கு பேருக்குப் பங்கிருக்கும் பங்குக் கிணறு என்றால் நான்கு குடும்பத்துக்கும் தண்ணீர் போச்சு.

ஆகவே ஒரு முகாமை மூடும் வேலை இந்த ஒழுங்கில் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தில் காணித்துண்டுகளின் பட்டியலை ஒட்டுவது. உறுதி தொலைந்தவர்களுக்காகக் காணிப் பதிவகப் பிரதிகளையும் கிராம அலுவலரின் பழைய பதிவுகளையும் எடுத்து வைப்பது. படையினர் இருக்கும்போதே நில அளவைத் திணைக்களத்தை உள்ளே விட்டு எல்லை போடுவது. ஏனென்றால் ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஒரு குடும்பத்தின் காணி இரண்டு மூன்று பரப்புதான். சுற்றுக் கம்பி பத்து அடி தள்ளி நின்றாலே ஒரு வீட்டின் முற்றம் போய்விடும், அயலவர்களுக்குள் வழக்கு வந்துவிடும். அதன்பின் எரிபொருள் தாங்கியை எடுத்து அடிமண்ணை அகற்றுவது, மலக்குழியை உறிஞ்சி மூடுவது, கிணற்றைத் தூர்வாரி இறைத்துக் குளோரின் இட்டு, தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையை உரிமையாளர் கையில் கொடுப்பது. வெடிபொருள் இல்லை என்ற சான்றிதழ் கடைசி. இவற்றுக்கான செலவு முகாம் மூடும் செலவாகப் பாதுகாப்பு அமைச்சின் மூலதனத் தலைப்பில் இருக்க வேண்டும். மீள்குடியேற்றத் தலைப்பில் போட்டால் அது வருடக் கடைசியில் வெட்டுப்படும்.

வீதிகள் பற்றி ஒரு சொல். 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டபோது மக்கள் பட்ட சந்தோஷத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பகலில் மட்டும் போகலாம், நடந்து போகக் கூடாது என்ற நிபந்தனைகளோடு திறந்த வீதி, இரு பக்கத்துக் காணிக்காரருக்கும் தோட்டத்துக்குப் போக உதவாது.

கேப்பாப்புலவு, முள்ளிக்குளம், வட்டுவாகல். மக்களின் காணி படைத்தரப்பிடம் இருக்கும் இந்த மூன்று ஊர்ப் பெயரும் உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும். முள்ளிக்குளம் மக்கள் 2007இல் வெளியேறியவர்கள். ஊர் இன்னும் கடற்படையின் கட்டளைத் தலைமையகமாக இருக்கிறது. கடற்படையை 40,000க்கு இறக்கும் திட்டத்தில் இந்தத் தளம் எந்த ஆண்டில் எவ்வளவு சுருங்கும் என்ற ஒரு வரி இருக்கிறதா?

முகாம் மூடுவதால் சுற்றியுள்ளவர்களின் பிழைப்பு கெடும் என்று சிலர் சொல்லக்கூடும். இதற்கு முன்மாதிரி வெளியிலும் உள்ளேயும் உண்டு. 1968இல் பிரித்தானியா சுயஸுக்குக் கிழக்கேயுள்ள தளங்களை மூட முடிவுசெய்தபோது, சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. அங்கே தளங்களை மாற்றுவதற்கென்றே தனித் திணைக்களம் அமைத்து, கடற்படைக் கப்பல்துறையைப் பெயரளவு விலைக்கு எடுத்து, செம்பவாங் கப்பல் கட்டும் தளமாக்கினார்கள். எங்கள் நாட்டிலேயே 1957இல் பிரித்தானியர் விட்டுப்போன கட்டுநாயக்கா விமானத்தளம் இன்று சர்வதேச விமான நிலையம். பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் முழுதாகச் சிவில் கைக்கு வந்தால் அங்கே வேலை கூடுமே தவிரக் குறையாது. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி, வன்னியின் படைப் பண்ணைகள், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுக்கும் முன்பள்ளிகள் ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேருங்கள். முன்பள்ளி ஆசிரியைகளின் சம்பளத்தை நிறுத்தாமல் அப்படியே மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பெண்களில் பலர் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டை நடத்துகிறார்கள்.

எதைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, இவ்வளவு படை இருந்தது நல்லதுதானே என்று கேட்டவர்கள் உண்டு. அந்த நாட்களில் தட்டுப்பாடாக இருந்தது ஹெலிகொப்டர், படகு, பாலம் போடும் பொறியியல் அணி, மண் அகற்றும் இயந்திரம். காலாட்படையின் தலையெண்ணிக்கைக்குக் குறைவிருக்கவில்லை. பொறியியலாளர் படையணியையும் விமானப்படையின் மீட்புப் பிரிவையும் குறைப்பிலிருந்து விலக்கி, அவற்றுக்கு உபகரணம் கொடுங்கள். கடலிலும் இதே நிலை. பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகளால் வலை இழக்கும் வடக்கு மீனவருக்கு வேண்டியது ரோந்துப் படகு. கரையில் காணி பிடித்த முகாமால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

கண்ணிவெடி அகற்றும் அணியும் அப்படியே. 2017 டிசம்பரில் இலங்கை, கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் எல்லாக் கண்ணிவெடியும் அகற்றப்பட வேண்டும். முகமாலை போன்ற இடங்களில் இன்னும் மண்ணை வாரியால் அங்குலம் அங்குலமாகக் கிளறித்தான் வேலை நடக்கிறது. வெளிநாட்டு உதவி சுருங்கும் காலத்தில், பயிற்சி பெற்ற இராணுவ அணியின் ஆட்களைப் பொது ஆட்குறைப்பில் விட்டுவிட்டால் அவர்களைப் போல இன்னொருவரை உருவாக்க வருடங்கள் ஆகும்.

வெளிநாட்டுக் கடமை பற்றிச் சுருக்கமாக. ஐ.நா. அமைதிப் பணியில் ஒரு படைவீரருக்கு மாதம் 1,448 டொலர் அரசாங்கத்துக்குக் கிடைக்கிறது. மாலிப் பணி 2023இல் முடிந்தது. லெபனான் பணி 2026 டிசம்பர் 31உடன் முடிகிறது. அந்த வருமானத்தை நம்பி ஆளை வைத்திருக்க இனி முடியாது. புதிதாக அனுப்பும் ஒவ்வொருவரையும் மனித உரிமைகள் ஆணைக்குழு முன்கூட்டியே ஆராய்வதைத் தளர்த்தவும் கூடாது. 2007இல் ஹெயிட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்ட கறை இன்னும் போகவில்லை.

விலகும் சிப்பாய்க்கு என்ன கொடுத்து அனுப்புவது? 22 வருடம் முடித்தவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. 12, 15 வருடத்தில் நிற்பவருக்கு அது இல்லை; தப்பியோடும் எண்ணம் அவருக்கு வராமல் பார்க்க வேண்டும். 12 வருடம் முடித்தவர் தானாக விலகலாம், சேவைக்கேற்ற விகித ஓய்வூதியத்தை 55 வயதில் பெறலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவாருங்கள். விலகுவதற்கு முந்தைய ஆறு மாதத்தை முழுச் சம்பளத்தோடு தொழிற்பயிற்சிக்கு விடுங்கள். பத்து வருடம் டிரக் திருத்தியவருக்கு மறுபடி பாடம் தேவையில்லை. முன்னனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பரீட்சகர்களை முகாமுக்கே அனுப்பினால் ஒரு வாரத்தில் ஒரு படையணியை முடிக்கலாம். சம்பளத்தில் கழிக்கும் வீட்டுக்கடன் பாக்கி உள்ளவருக்கு, விலகும் நாளுக்கு முன்பே வங்கியோடு தவணையை மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே கடன் அறிவித்தல் வீட்டுக்குப் போகும். உகண்டா 1992 முதல் 1995 வரை 36,000க்கும் மேற்பட்டோரை மூன்று கட்டமாக விடுவித்தது. ஒவ்வொரு கட்டத்தின் பிழையையும் பார்த்து அடுத்ததைத் திருத்தினார்கள். பணத்தை ஒரே தடவையில் கையில் திணிக்கவில்லை.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ மக்கள் உங்கள் கட்சிக்குத் தந்தார்கள். காணி திரும்பும் என்று நீங்கள் சொன்னதை நம்பித் தந்த வாக்குகள் அதில் நிறைய உண்டு. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் 2030 வரை மூடப்படும் முகாம்களின் பட்டியலை, ஆண்டு, பிரதேச செயலகப் பிரிவு, ஏக்கர், காணியின் சட்ட வகை என்ற நான்கு நிரல்களோடு மூன்று மொழிகளிலும் வர்த்தமானியில் வெளியிடுங்கள். அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். முதல் ஆண்டுக்குரிய முகாம்களின் நில அளவையைப் பெரும்போக மழைக்கு முன் தொடங்குங்கள். மழை விழுந்தால் எல்லை தேடும் வேலை தைக்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
வடக்கில் காணி, மீள்குடியேற்றம், அரச கணக்குப் பணிகளில் உள்ளோர்